தொண்ணூற்று நான்கு மார்க் நேர்மை

பதினோரு வருஷமாக ஸ்டோர் கீப்பராக இருந்த கிருஷ்ணசாமி, சாப்பாட்டுக் கூடைக்குள் ஹெல்மெட் கண்ணாடிகளை ஒளித்து வெளியே கொண்டுபோய் விற்றுக்கொண்டிருந்தார் என்று தெரிந்த நாளில் முதலாளி சக்கரபாணி மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. போன கண்ணாடிகளை நினைத்து அல்ல. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் அவருடைய ஹெல்மெட் கம்பெனி தொடங்கியதிலிருந்து, ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் கிருஷ்ணசாமிதான் அவர் நெற்றியில் சந்தனம் வைப்பார். அந்த விரலா இந்த வேலை செய்தது என்பதுதான் அவருடைய துக்கம்.

"மூஞ்சியப் பாத்தா தெரியுமா புருஷோத்து? எவ்ளோ சாந்தமான மூஞ்சி!" என்றார்.

"எனக்கும் தெரியல சார்" என்றார் புருஷோத்தமன்.

புருஷோத்தமன் அங்கே எச்.ஆர். மேனேஜர். பஞ்சாலையில் டைம் கீப்பராக இருந்து, ஆலையை மூடியபோது வீட்டுக்கு அனுப்பப்பட்டு, பிறகு இங்கே வந்து ஒட்டிக்கொண்டவர். ஐம்பத்து நாலு வயது. எல்லார் வீட்டுச் சாப்பாட்டுக் கூடையும் காலையில் கனமாக வந்து மாலையில் லேசாகப் போகும். கிருஷ்ணசாமியின் கூடை மட்டும் காலையில் லேசாக வந்து மாலையில் கனமாகப் போவதை அவர் இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நமக்கென்ன வந்தது என்று விட்டுவிட்டார். ஆக, "தெரியல" என்று அவர் சொன்னது பொய். ஆனால் அந்தக் கம்பெனியில் ஒரு நாளைக்குச் சொல்லப்படும் பொய்களில் அது மிகச் சின்னது.

அந்த வாரமே சக்கரபாணியின் துக்கத்துக்கு மருந்து கிடைத்தது. அவர் உறுப்பினராக இருக்கும் சேவைச் சங்கத்தின் மாதக் கூட்டம் கடற்கரைச் சாலையில் ஓர் ஓட்டலில் நடந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் யாராவது அறிவுபூர்வமாகப் பேசுவது வழக்கம். சாப்பாடு தாமதமானால் அறிவு நீளும். அன்று மீன் வர நேரமாகிவிட்டது. பேச வந்தவர், ஒரு மனிதன் நேர்மையானவனா என்பதை அவன் முகத்திலும் ஜாதகத்திலும் தேடவே வேண்டாம், நூற்று எண்பது கேள்விகளில் கண்டுபிடித்துவிடலாம், வெளிநாட்டில் எல்லாம் இப்படித்தான் ஆள் எடுக்கிறார்கள் என்று ஒன்றேகால் மணி நேரம் விளக்கினார். மற்றவர்கள் சமையலறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சக்கரபாணி மட்டும் குறிப்பு எடுத்தார்.

மறுநாள் காலையில் புருஷோத்தமனைக் கூப்பிட்டு, "இனிமே டெஸ்ட் இல்லாம ஒரு ஈ கூட உள்ள வரக்கூடாது" என்றார்.

கிருஷ்ணசாமியை அனுப்பிய பிறகு ஸ்டோர் சாவியை சக்கரபாணியே வைத்துக்கொண்டதால், முதலில் நிரப்ப வேண்டியிருந்தது தர ஆய்வாளர் இடம். முன்பு அந்த வேலையில் இருந்தவர் ஓசூரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்த இடத்துக்கு சக்கரபாணியின் மச்சினன் மகன் கலைவாணன் வருவான் என்பது ஊரறிந்த விஷயம். அவன் ஏற்கெனவே கம்பெனி கேன்டீனில் டீ குடிக்கத் தொடங்கியிருந்தான்.

டெஸ்ட் நடத்த சென்னையிலிருந்து சரிதா என்ற பெண் வந்தாள். இருபத்தெட்டு வயது இருக்கும். கையில் எட்டு டேப்லெட், முகத்தில் நூறு சதவீதப் புன்னகை. கேன்டீன் மேஜைகளைத் துடைத்து ஏழு பேரை உட்காரவைத்தாள். கேள்விகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. 'நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை.' 'வேலை செய்த இடத்திலிருந்து எதையாவது வீட்டுக்கு எடுத்துச் சென்றிருக்கிறேன்.' 'நண்பன் தவறு செய்தால் மறைக்க உதவுவேன்.' ஒவ்வொன்றுக்கும் ஆமாம், இல்லை என்று அமுக்க வேண்டும்.

கலைவாணன் பன்னிரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு மறுபடி டீ வாங்கப் போனான். ஆறு பேர் முடித்து எழுந்த பிறகும் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள். மடுகரையிலிருந்து பஸ் பிடித்து வந்த தனக்கொடி. முப்பத்து நாலு வயது, கரும்பு விவசாயக் குடும்பம், பிளாஸ்டிக் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ. அவள் கையைத் தூக்கினாள்.

"மேடம், 'எதையாவது எடுத்துக்கினு போயிருக்கேனா'ன்னு கேட்டிருக்கு. பழைய கம்பெனில ஒரு பேனாவும், ஒட்டுற டேப் பாதிச் சுருளும் எடுத்தேன். டேப்ப திருப்பிக் குடுத்துட்டேன். பேனா தொலைஞ்சுபோச்சு. ஆமான்னு போடணுமா, இல்லன்னு போடணுமா?"

சரிதா புன்னகையை ஒரு நொடி மறந்து அவளைப் பார்த்தாள். "உங்களுக்கு என்ன தோணுதோ அதைப் போடுங்க."

"தோணுறத கேக்கல. எது சரின்னு கேக்குறேன்."

"ஆமாம்னு போடுங்க."

மாலையில் முதலாளி அறையில் முடிவு வந்தது. கலைவாணன் பொய் சொன்னதில்லை, கோபப்பட்டதில்லை, பொறாமைப்பட்டதில்லை, ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. அவனுடைய அறிக்கையின் குறுக்கே சிவப்பில் ஒரு வரி இருந்தது: 'பதில்கள் நம்பத்தக்கவை அல்ல.'

"பையன் நல்லவன்னு சொன்னா அது ஒரு தப்பா?" என்றார் சக்கரபாணி.

"அவ்வளவு நல்லவங்க இன்னும் பொறக்கல சார்" என்றாள் சரிதா. "இந்தத் தனக்கொடியைப் பாருங்க. நேர்மை தொண்ணூத்தி நாலு. நாங்க ஆயிரக்கணக்குல டெஸ்ட் எடுத்திருக்கோம், தொண்ணூறைத் தாண்டினவங்களை விரல்விட்டு எண்ணிடலாம்."

அறிக்கையில் நேர்மைக்குக் கீழே ஒழுங்கு, பதற்றம், கலகலப்பு, இணக்கம் என்று இன்னும் நாலு வரிகள் இருந்தன. முதல் வரியே போதுமான ஆனந்தத்தைக் கொடுத்ததால் சக்கரபாணி அவற்றைப் படிக்கவில்லை. தனக்கொடியை உள்ளே கூப்பிட்டார்.

"பழைய கம்பெனிய ஏம்மா விட்ட?"

"நான் விடல சார். அவங்கதான் விட்டாங்க."

"ஏன்?"

"ஆள் குறைப்புன்னு சொன்னாங்க. ஆனா கொறைச்சது என்னை மட்டுந்தான்."

சக்கரபாணி மேஜையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தியா புருஷோத்து! எவ்ளோ வெளிப்படை!"

அந்தப் பதிலில் ஒரு தகவலும் இருந்தது என்பது புருஷோத்தமனுக்கு உறைத்தது. வழக்கம்போல, நமக்கென்ன வந்தது என்று தலையாட்டினார்.

தனக்கொடியின் அறிக்கை கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டப்பட்டது. வியாபாரிகள் எல்லாருக்கும் கடிதம் போனது: எங்கள் ஹெல்மெட் ஒவ்வொன்றும், அறிவியல் முறையில் நேர்மை சோதிக்கப்பட்ட ஊழியரின் கையெழுத்தோடு வெளிவருகிறது. அடுத்த மாதக் கூட்டத்தில் சக்கரபாணியே பேச்சாளர். மீன் சீக்கிரமே வந்துவிட்டபோதும் அவர் நாற்பது நிமிஷம் பேசினார்.

கூட்டத்தின் முடிவில், ஜனவரி மாத சாலைப் பாதுகாப்பு விழாவில் சங்கத்தின் சார்பாக இரண்டாயிரம் ஹெல்மெட் இலவசமாகக் கொடுப்பது என்றும், அந்த ஆர்டர் நேர்மைக்குப் பேர்போன நம்ம சக்கரபாணி கம்பெனிக்கே என்றும் தீர்மானமானது.

தனக்கொடி முதல் நாள் எட்டு ஐம்பதுக்கு வந்தாள். ஒன்பதே காலுக்கு வந்த புருஷோத்தமனிடம் இரண்டு கேள்விகள் கேட்டாள். ஒன்று, கம்பெனி ஒன்பது மணிக்குத்தானே திறக்கிறது? இரண்டாவது, டெஸ்ட் மெஷின் எங்கே?

முதல் கேள்வியிலிருந்து தப்புவதற்காக இரண்டாவதற்கு அவர் உற்சாகமாகப் பதில் சொன்னார். மோல்டிங் மெஷின் ஓட்டும் பாவாடை என்பவரைக் கூப்பிட்டுவிட்டார்.

"தலைவரையா கேக்குறாங்க?" என்றார் பாவாடை.

கூடத்தின் கோடியில், தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது அந்த மெஷின். இரண்டு ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சட்டம். அதில் ஏறி இறங்கும் ஓர் இரும்புத் தலை. அந்தத் தலைக்கு ஹெல்மெட்டை மாட்டி, உச்சிக்கு இழுத்து, கீழே இருக்கும் இரும்புப் பாளத்தின் மேல் விட வேண்டும். ஓடு பிளக்காமல் இருந்தால் பாஸ். தொழிலாளிகள் அந்தத் தலைக்கு வைத்திருந்த பெயர்தான் தலைவர். வருஷத்துக்கு ஒருமுறை மாலை விழும், மற்ற நாட்களில் ஒரு வேலையும் கிடையாது, பெயர் பொருத்தம்தான். ஆயுத பூஜை மாலை இன்னும் கழுத்தில் காய்ந்துபோய்த் தொங்கியது.

அதற்கான பதிவேடு மட்டும் சுறுசுறுப்பாக இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்த தடித்த நோட்டு. எப்போது அதிகாரிகள் வந்து கேட்டாலும் காட்டியாக வேண்டியது. தனக்கொடி வேலையில் சேர்ந்தது நவம்பர் மாதம். பழைய ஆய்வாளர் பொங்கல் வரைக்கும் எழுதி வைத்துவிட்டுத்தான் ஓசூர் போயிருந்தார். எல்லா நாளும் பாஸ். ஞாயிற்றுக்கிழமையும் பாஸ். வரப்போகும் பொங்கலன்றும் பாஸ்.

தனக்கொடி ஸ்கேலை வைத்து, இன்னும் வராத நாட்களை எல்லாம் குறுக்குக் கோடு போட்டு அடித்தாள். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் கையெழுத்து, தேதி, மணி. பிறகு தலைவரின் மாலையைக் கழற்றி, எண்ணெய் போட்டு, வேலையை ஆரம்பித்தாள்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ விரிசல் விட்டது, அவற்றை ஒதுக்கினாள். டிசம்பர் தொடக்கத்தில் சங்கத்து ஆர்டர் இறங்கியது. இலவச ஹெல்மெட்தானே என்று சக்கரபாணி ஒரு சிக்கனம் செய்திருந்தார். புதுப் பிளாஸ்டிக் குருணையோடு, உடைந்த நாற்காலி, வாளி எல்லாம் அரைத்த பழைய குருணையைப் பாதிக்குப் பாதி கலக்கச் சொல்லியிருந்தார். கறுப்புச் சாயம் போட்டால் இரண்டும் ஒன்றுதான். பெண்களுக்கானதில் பக்கவாட்டில் ஒரு தாமரையும் ஒட்டினார்கள்.

தனக்கொடி நாற்பது ஹெல்மெட்டை இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொறுக்கி எடுத்துத் தலைவருக்கு மாட்டினாள். பதினாறு உடைந்தன. சில தேங்காய் மாதிரி இரண்டாகவே பிளந்தன. கூடத்தில் மெஷின்கள் நின்றன, எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். பாவாடை ஒரு பாதியைக் கையில் எடுத்துப் பார்த்து, "இதுக்குப் பதிலா தலைல துண்டு கட்டிக்கலாம்மே" என்றார்.

அவள் பதிவேட்டில் எழுதினாள்: ஃபெயில்.

சக்கரபாணி அவளைக் கூப்பிட்டனுப்பினார். புருஷோத்தமனும் போய் ஓரமாக நின்றார்.

"உக்காரும்மா. சாப்ட்டியா?"

"பன்னெண்டரைக்குச் சாப்பிடுவேன் சார். இப்ப பதினொன்னே முக்கால்."

"நேர்மைன்னா இன்னாம்மா?"

"கேள்வி புரியல சார்."

"நேர்மைன்னா கம்பெனிக்கு நேர்மையா இருக்கிறது. கம்பெனி நமக்குச் சோறு போடுது. நீ எழுதியிருக்கிறது கம்பெனிக்கு நல்லதா?"

"உடைஞ்சுது சார். உடைஞ்சுதுன்னு எழுதினேன்."

"இருபத்தி நாலு உடையல இல்ல? அத எழுதலாம்ல?"

"அதையும் எழுதியிருக்கேன் சார். பக்கத்துக் கட்டத்துல."

சக்கரபாணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இந்த ஊர்ல எவன் ஹெல்மெட்ட தலைல போடுறான்? பெட்ரோல் டேங்க் மேல வெக்கிறான். போலீஸ் நின்னா மாட்டுறான், தாண்டினா கழட்டுறான். டேங்க்குக்கு இது போதாதா?"

"டெஸ்ட் தலைக்குத்தான் சார் போட்டிருக்கு. டேங்க்குக்கு டெஸ்ட் இல்ல."

அவள் குரலில் எதிர்ப்போ கிண்டலோ இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்கு நேரம் சொல்வதைப் போலத்தான் சொன்னாள். அதுதான் சக்கரபாணிக்குப் பொறுக்க முடியவில்லை. அவள் வெளியே போனதும் சரிதாவுக்குப் போன் போட்டார்.

"என்னாம்மா ஆள் குடுத்திருக்க? சொன்னது ஒண்ணு கேக்க மாட்டேங்குது."

"ரிப்போர்ட்டுல கடைசி பாயின்ட் பாருங்க சார். இணக்கம், இருபத்தி ரெண்டு. ரொம்பக் கம்மி."

"அத ஏன் சொல்லல?"

"நீங்க இணக்கம் வேணும்னு கேக்கலியே சார். நேர்மை வேணும்னுதானே கேட்டீங்க?"

டெஸ்ட்டில் ஏதோ கோளாறு, மறுபடி எடுக்க வேண்டும் என்று சக்கரபாணி பிடிவாதம் பிடித்தார். மார்க் குறைந்தால் அறிவியல்பூர்வமாகவே அவளை அனுப்பிவிடலாம். பாஸானவர்கள் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எழுதலாம், பொய் சொல்லிப் பிடிபட்டவர்கள் மட்டும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது சரிதா கம்பெனியின் விதி. தனக்கொடி மறுபடி எழுதினாள். தொண்ணூற்று ஆறு.

கடைசியில் சக்கரபாணி ஒரு வழி கண்டுபிடித்தார். கையெழுத்துப் போடுவது நேர்மை சோதிக்கப்பட்ட ஊழியராக இருக்க வேண்டும், அவ்வளவுதானே? அது தனக்கொடியாகத்தான் இருக்க வேண்டுமா? புருஷோத்தமனும் டெஸ்ட் எழுதட்டும். அவர் பாஸானால், தனக்கொடியின் வரிக்குக் கீழே 'மறுசோதனை, பாஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.

புருஷோத்தமன் தன் பழைய கணக்குகளை மனதுக்குள் புரட்டிப் பார்த்தார். மில்லில் அவர் டைம் கீப்பராக இருந்த காலத்தில், ஷிஃப்ட் முடியும் முன்பே சினிமாவுக்குப் போனவர்களுக்கு எல்லாம் முழு நேரம் போட்டுக் கொடுத்தவர். கிருஷ்ணசாமியின் கூடை வேறு நினைவுக்கு வந்தது. உண்மையைச் சொன்னால் முப்பதைத் தாண்டாது.

கலைவாணன்தான் கை கொடுத்தான். தோற்ற நாளிலிருந்து அவன் அந்த டெஸ்ட்டையே படித்துக்கொண்டிருந்தான். தொழிற்பேட்டை வாசல் டீக்கடையில் வைத்துப் பாடம் நடத்தினான்.

"அங்கிள், நான் பண்ண தப்பு இன்னா தெரியுமா? எல்லாத்துக்கும் நல்லவன்னு சொன்னேன். அப்டி சொல்லக்கூடாது. சின்னச் சின்னத் தப்ப ஒத்துக்கணும். பொய் சொல்லியிருக்கீங்களா? ஆமா. கோவம் வருமா? ஆமா. பேனா எடுத்தீங்களா? ஆமா. பெரிய தப்பு மட்டும் இல்லன்னு சொல்லணும். அப்பதான் நம்பும்."

"அப்ப உண்மையச் சொல்லக்கூடாதா?"

"உண்மை மாதிரி சொல்லணும்."

புருஷோத்தமன் பேனா திருடியதை ஒப்புக்கொண்டார். கோபத்தை ஒப்புக்கொண்டார். மற்றதை எல்லாம் மறைத்தார். தொண்ணூற்று ஒன்று வந்தது. சரிதா கை குலுக்கி, "ஒரே கம்பெனில ரெண்டு பேர் தொண்ணூறுக்கு மேல, அபூர்வம் சார்" என்றாள்.

சான்றிதழை முதலியார்பேட்டையில் வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி பாக்கியலட்சுமி அதை இரண்டு முறை படித்தாள்.

"தொண்ணூத்தொண்ணா? உங்களுக்கா?"

"ஏன்?"

"நாப்பது கூட வராதுன்னு நெனச்சேன்" என்றாள். ஆனாலும் அன்று அவர் தட்டில் வஞ்சிரம் இரண்டு துண்டு விழுந்தது. மறுநாள் தெருவில் நாலு பேரிடம் சொல்லியும்விட்டாள். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அவள் அவரைப் பற்றி வெளியே பெருமையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. எதிர்வீட்டு மணியம்மாள், தன் பெண்ணுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை எப்படி என்று அவரிடம் வந்து கேட்டாள். "நீங்க சொன்னா சரியா இருக்கும்" என்றாள். அவருக்கு அந்த மாப்பிள்ளையைப் பற்றி ஒன்றுமே தெரியாது. எப்போதும்போல எதையாவது சொல்லி அனுப்பியிருப்பார். அன்று, "எனக்குத் தெரியாதும்மா, விசாரிச்சிச் சொல்றேன்" என்றார். சொல்லிவிட்டு, தனக்கு உடம்பு சரியில்லையோ என்று யோசித்தார்.

அலுவலகத்துக்கு எட்டு ஐம்பத்தைந்துக்கு வர ஆரம்பித்தார். சட்டைப் பையில் வீட்டுக்கு வந்துவிட்ட பேனாவைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். அந்த மார்க் தனக்கு உரியதல்ல என்பது அவருக்குத் தெரியும். பண்டிகைக்குப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பட்டு வேட்டி மாதிரி, கறை படாமல் இருக்க வேண்டுமே என்று நடந்துகொண்டிருந்தார்.

கையெழுத்துப் போட வேண்டிய நாள் வந்தது. பதிவேட்டைத் தனக்கொடிதான் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தாள். அவள் எழுதிய ஃபெயிலுக்கு நேர் கீழே வெற்று வரி. "தேதியும் மணியும் போடுங்க சார்" என்றாள். அப்போது தொலைபேசி அடித்தது. சேவைச் சங்கத்தின் செயலாளர் அன்பழகன்.

"புருஷோத்தமன் சாரா? அந்தத் தொண்ணூத்தி நாலு அம்மா இருக்காங்களா? விழா மேடைல அவங்களையும் ஏத்திக் கௌரவிக்கலாம்னு இருக்கோம்."

இப்போது தொண்ணூற்று ஆறு என்று திருத்தாமல், புருஷோத்தமன் ரிசீவரை அவளிடம் கொடுத்தார்.

அன்பழகன் வாழ்த்துச் சொன்னார். பிறகு பேச்சுவாக்கில், "ஹெல்மெட்டெல்லாம் நல்லா வந்திருக்காம்மா?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

"நல்லா வரல சார். நாப்பதுல பதினாறு உடைஞ்சுது."

இனி ஆர்டர் போயிற்று, முதலாளி குதிக்கப்போகிறார் என்று புருஷோத்தமன் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் ரிசீவருக்கு வெளியே கேட்குமளவு அன்பழகன் சிரித்தார்.

"அட, போட்டோவுக்குத்தானேம்மா! வாங்கிக்கினு போறவன் வீட்ல பூத்தொட்டியா வெக்கப்போறான். தேதிக்கு வந்துட்டா போதும்."

"பூத்தொட்டின்னா எங்க ரெஜிஸ்டர்ல வராது சார். அதுக்குக் கையெழுத்தே தேவையில்ல. ஆர்டர்ல ஹெல்மெட்னு போட்டிருக்கீங்க. மாத்தி ஒரு லெட்டர் குடுத்துடுங்க."

அன்பழகன் போனை வைத்துவிட்டார். தனக்கொடியும் வைத்துவிட்டு, பதிவேட்டை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திவிட்டுக் கூடத்துக்குப் போனாள்.

புருஷோத்தமன் பேனாவைத் திறந்தார். செய்தவனுக்கு அக்கறை இல்லை. வாங்குகிறவனுக்கும் இல்லை. மாட்டிக்கொள்ளப் போகிறவனும் டேங்க் மேல்தான் வைக்கப்போகிறான். இத்தனை பேர் ஒற்றுமையாக இருக்கும்போது நடுவில் நாம் யார்? 'பா' என்று எழுதினார். அடுத்த எழுத்து வரவில்லை. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும் யாரோ ஒரு பெண், பக்கவாட்டில் தாமரை ஒட்டிய ஹெல்மெட்டோடு, இந்திரா காந்தி சிலை சதுக்கத்தில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் வளைவது அவர் கண்முன் வந்தது. அவர் தினமும் வரும் வழி அது. சட்டத்துக்குப் பயந்தாவது மாட்டியிருப்பாளே, அவள் என்ன செய்வாள்?

எழுந்து கூடத்துக்குப் போனார். "பாவாடை, மூணு ஹெல்மெட் எடு" என்றார்.

"நீங்களா சார் போடப்போறீங்க?"

வாழ்க்கையில் முதல்முறையாகத் தலைவரை உச்சிக்கு இழுத்தார். முதல் இரண்டு தாங்கின. மூன்றாவது, சுட்ட அப்பளம் மாதிரிச் சிதறியது. ஒரு துண்டு தெறித்து அவர் செருப்பில் வந்து விழுந்தது. தனக்கொடி தூரத்திலிருந்து பார்த்தாள். பாராட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒருவேளை அவர் திரும்பிப் போயிருப்பார்.

'பா' என்ற எழுத்தை அடித்துவிட்டு எழுதினார்: மறுசோதனை. மூன்றில் ஒன்று உடைந்தது. ஃபெயில். கையெழுத்து, தேதி, மணி.

சக்கரபாணி அதைப் பார்த்ததும் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"உனக்கு இன்னாய்யா ஆச்சு? அந்தப் பொண்ணுக்குத்தான் வியாதி. ஒனக்கும் ஒட்டிக்கிச்சா?"

"உடைஞ்சுது சார்."

"பத்து வருஷமா இங்க இருக்க. ஒரு நாளாவது இப்டிப் பண்ணியிருக்கியா?"

"இல்ல சார்" என்றார் புருஷோத்தமன். அதில் அவருக்கே வெட்கமாக இருந்தது.

சக்கரபாணி பதிவேட்டின் பக்க எண்ணை விரலால் தடவினார். பக்கம் கிழிக்க முடியாது, எண் போட்டிருக்கிறது. இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் இந்த டெஸ்ட்டில் தேறினவர்கள் நேர்மையானவர்கள் என்று அவரே வியாபாரிகளுக்கு எழுதியிருக்கிறார், சங்கத்தில் நாற்பது நிமிஷம் பேசியிருக்கிறார். அந்த டெஸ்ட் தப்பு என்று இப்போது சொன்னால் பேச்சு தப்பு என்றாகிவிடும். ஹெல்மெட் உடைந்தாலும் பரவாயில்லை, பேச்சு உடையக் கூடாது. அவர் எழுந்து போய், புதுக் குருணை வரவழைக்கச் சொன்னார்.

ஒன்பது நாளில் இரண்டாயிரம் ஹெல்மெட் மறுபடி வார்க்கப்பட்டன. பழையவற்றைப் பாவாடை அரைவை மெஷினில் போட்டு அரைத்தார். தனக்கொடி புதிய நாற்பதைப் போட்டாள். ஒன்றும் உடையவில்லை. நம்பிக்கை வராமல் இன்னும் பத்துப் போட்டாள். பிறகுதான் பாஸ்.

கடற்கரைச் சாலையில் விழா நடந்தது. சக்கரபாணி மேடையில், "உயிரைவிட எனக்குத் தரம் பெருசு" என்று முழங்கினார். அன்பழகன் கை தட்டினார். தனக்கொடியைக் கௌரவிக்கும் நிகழ்ச்சி நேரமின்மையால் விடப்பட்டது. வரிசையில் நின்று ஹெல்மெட் வாங்கியவர்களில் ஐந்தாறு பேர் அதை அங்கேயே தலையில் மாட்டிக்கொண்டார்கள். புருஷோத்தமன் கூட்டத்தின் பின்னால் நின்று அவர்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

பொங்கல் கழிந்ததும் தனக்கொடிக்குப் பதவி உயர்வு வந்தது. நேர்மை அலுவலர். வரவேற்பறையில் தனி மேஜை, சுழல் நாற்காலி, வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லும் பொறுப்பு. பதிவேடும் மெஷினும் அவள் பக்கம் வரத் தேவையில்லை. மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். நான்காம் நாள் புருஷோத்தமனிடம் ஒரு தாளைக் கொடுத்தாள். ராஜினாமா.

"ஏம்மா, உக்காந்த எடத்துல சம்பளம். உனக்கு இன்னா கஷ்டம்?"

"வேலை இல்ல சார். வேலை இல்லாம சம்பளம் வாங்கினா அது பழைய கம்பெனில நான் எடுத்த டேப்ப விடப் பெருசு."

அவர் அவளை நிறுத்தப் பார்த்தார். அதற்கு அவருக்கு ஒரு காரணம் கூடக் கிடைக்கவில்லை. கேட் வரைக்கும் கூடப் போனார். அவள் பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டு, "வாரத்துக்கு ஒருதடவை எண்ணெய் போடுங்க சார், மெஷினுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அன்று மதியம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்து ஆள் எடுக்கும்போது சக்கரபாணி டெஸ்ட் வைக்கவில்லை. மனுஷன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று சொல்லி, கலைவாணனை ஸ்டோர் கீப்பராகப் போட்டார். சான்றிதழ் பெற்ற ஆள் கம்பெனியில் வேறு யாரும் இல்லாததால் மெஷின் வேலை புருஷோத்தமன் தலையில் விழுந்தது. தினமும் காலை ஒன்பதரைக்கு ஐந்து ஹெல்மெட். உடைந்தால் உடைந்தது என்று எழுதினார். சக்கரபாணி அவருடன் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். ஆனால் பழைய குருணையின் அளவும் தானாகக் குறைந்தது.

ஒருநாள் அவருக்குக் கடலூரிலிருந்து போன் வந்தது. கேஸ் அடுப்புக் கம்பெனி நடத்தும் இராமதாஸ் என்பவர்.

"தனக்கொடின்னு ஒரு அம்மா. உங்ககிட்ட வேலை பாத்திருக்காங்களாமே. எப்படி சார்?"

புருஷோத்தமனுக்கு நாக்கு நுனியில் பழைய வசனங்கள் எல்லாம் தயாராக நின்றன. நல்ல பொண்ணு, அமைதியான பொண்ணு, சொன்னதைக் கேட்கும். ஒன்றையும் அவர் சொல்லவில்லை.

"எதுக்கு வேலைக்கு வெக்கிறீங்களோ அதைச் செய்வாங்க சார்."

"அதானே வேணும். அப்புறம் ஏன் சார் விட்டீங்க?"

"அதனாலதான் சார்."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. பிறகு இராமதாஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சார், நேத்தே அவங்களுக்கு ஆர்டர் குடுத்துட்டேன். திங்கக்கிழமை சேர்றாங்க. இப்ப நான் இன்னா பண்றது?"

"அடுப்பெல்லாம் ஒழுங்கா எரியுதா சார்?"

"எரியுது... பெரும்பாலும்."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை" என்றார் புருஷோத்தமன். "ரெண்டு நாள் இருக்கு சார்."